படகு யந்திரமும் அதனுட் புகும் நீரும்



தரையில் ஓடும் வண்டியின் யந்திரம் நின்றுவிட்டால் வண்டிக்காரன் இறங்கி நடந்து வீடு சேரலாம். கடலில் ஓடும் படகின் யந்திரம் நின்றுவிட்டால் இறங்குதற்கு இடமில்லை. காற்றும் நீரோட்டமும் எவ்விடம் இழுக்கின்றனவோ அவ்விடமே படகு செல்லும். இதனைக் கடற்றொழில் புரியும் குடும்பத்தார்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நின்றுபோன யந்திரத்தைக் கரைக்குக் கொணர்ந்த பின்னர் நடப்பது யாது? "எஞ்சின் போய்விட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றோம். அது எவ்வழியாற் போயிற்று, எப்பொழுது போயிற்று, எதனாற் போயிற்று என்று கேட்பார் அரியர். கடன் வாங்கிப் புதிய யந்திரம் பொருத்துகின்றோம். பழைய யந்திரத்தைக் கொன்ற குறையோ படகிலேயே தங்கிப் புதிய யந்திரத்தின் வரவை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றது.

படகு யந்திரத்தை மாய்க்கும் காரணங்களுள் முதன்மையானவற்றுள் ஒன்று நீர். அந்நீர் உட்புகும் வாயில்கள் எண்ணிறந்தன அல்ல, நான்கைந்தே. அவ்வாயில்கள் எக்காலத்தில், என்ன தேவை பற்றித் திறக்கப்பட்டன என்று தெரிந்துகொண்டவர்க்கு, நீர் வந்த வழியைக் கண்டுபிடித்தல் பாதி முடிந்த வேலையாகும். ஆதலின் படகு மோட்டாரின் சரித்திரத்தை யாம் இங்கு நீரின் பக்கத்தில் நின்று சொல்லப் புகுகின்றோம். ஒரு வாயிலை அடைத்தவர்கள் தாம் அறியாமலே வேறொரு வாயிலைத் திறந்துவிட்டனர் என்பதனை இச்சரித்திரம் நெடுகக் காணலாம்.

1881-ஆம் ஆண்டு மே மாதத்தில், குஸ்தாவ் த்ரூவே என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் மின்சார மோட்டாரால் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். அவருடைய மோட்டார் சுக்கானோடு பிணைந்திருந்தது; வேண்டும்பொழுது கழற்றிக் கையில் எடுத்துச் செல்லத் தக்கது. ஐந்தாண்டு கழித்து, 1886-இல், ஜெர்மனியில் கான்ஸ்டாட் என்னும் ஊரில் காட்லீப் டைம்லரும் அவருடைய துணைவர் வில்ஹெல்ம் மேபாக்கும் பெட்ரோலிய எண்ணெயால் ஓடும் சிறு யந்திரத்தை நாலரை மீட்டர் நீளமுள்ள படகொன்றில் வைத்து நெக்கார் நதியில் ஓட்டினர். மோட்டார் காருக்குப் பெயர் போன டைம்லர், கார் விற்பதற்கு முன்னர்ப் படகு யந்திரம் விற்றுப் பிழைத்தவர் என்பது பலர் அறியாத செய்தி. அக்காலத்து மக்கள் எண்ணெய் வெடித்துவிடுமென்று அஞ்சினமையால், டைம்லர் படகைச் சுற்றிலும் பீங்கான் குமிழ்களையும் கம்பிகளையும் கட்டி, அது மின்சாரத்தால் ஓடுவதாக ஜனங்களை நம்பவைத்தார் என்று ஒரு கதையும் வழங்குகின்றது. ஜனங்கள் நெருப்புக்கு அஞ்சினார்கள். நீருக்கு அஞ்சியிருத்தல் வேண்டுமென்று அன்று எவர்க்கும் தோன்றவில்லை.

தோன்றாமைக்குக் காரணம் உண்டு. எண்ணெய் எரிந்து ஓடும் யந்திரம் எதுவாயினும் தன் வெப்பத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு அது பெருந் தொல்லை. தண்ணீரையும் ரேடியேட்டரையும் சுமந்து திரிய வேண்டும். படகுக்கோ சுற்றிலும் குளிர்ந்த நீர் இருக்கின்றது. ஒரு குழாயை நீரில் விட்டு, ஒரு பம்பால் இழுத்து, யந்திரத்தைச் சுற்றி ஓடவிட்டு, மறுபுறம் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது. இத்தகைய எளிய வசதியைக் கண்டவுடன் ஆதிகாலத்து யந்திரிகள் மகிழ்ந்தனர். யந்திரத்தின் உயிருக்கும் சாவுக்கும் ஒரே குழாயைக் காரணமாக்குகின்றோம் என்பதனை அவர்கள் சிந்தித்திலர்.

படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் மோட்டாரை நம்மவர் அவுட்போர்டு என்பர். அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கத்தில் காமரன் வாட்டர்மன் என்பவர் 1905-இல் அதனைச் சோதித்து, அடுத்த ஆண்டில் விற்கத் தொடங்கினார். நார்வேயிற் பிறந்து மில்வாக்கியில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டாரே உலகெங்கும் பரவியது. அதன் நிறை 62 ராத்தல். காதலி கேட்ட ஐஸ்கிரீமை வாங்கி ஏரியில் துடுப்பிட்டு வருவதற்குள் அஃது உருகிப்போனதே அவர் இம்மோட்டாரை நினைத்ததற்குக் காரணம் என்பர். கதை அழகாக இருக்கின்றது. அதனைப் பரீட்சிக்க யாம் விரும்பவில்லை. நமக்கு வேண்டுவது, அன்று முதல் யந்திரத்தின் பம்பும் கியரும் நீருக்குள்ளேயே வாழத் தொடங்கின என்பதுதான்.

இனி வாயில்களைப் பார்ப்போம்.

முதலாவது பொறி பிறக்கும் இடம். பெட்ரோல் யந்திரத்தில் சிலிண்டருக்குள் ஒரு மின்பொறி பாய்ந்தாலன்றி எண்ணெய் எரியாது. இப்பொழுது எங்கும் வழங்கும் ஸ்பார்க் பிளக்கில் பொறி ஓர் இடைவெளியைத் தாவ வேண்டும். அதற்கு 10,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தேவை. 1902-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் பாஷ் தொழிற்சாலையைச் சேர்ந்த காட்லோப் ஹோனோல்ட் இத்தகைய மின்சாரத்தைத் தரும் மாக்னெட்டோவைச் செம்மைப்படுத்திய பின்னர், தரைமேல் ஓடும் யந்திரங்கள் பெரும்பாலும் அம்முறையைக் கைக்கொண்டன. ஆனால் உயர்ந்த மின்சாரத்திற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கம்பியின்மேலும் பிளக்கின் பீங்கான்மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் படிந்திருந்தால், இடைவெளியைத் தாவும் கஷ்டத்தை விட்டு அப்படலத்தின் வழியே வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். சிலிண்டருக்குள் ஒரு துளி நீர் செல்லாதிருந்தும் யந்திரம் ஊமையாகும்.

இதனை நன்கு உணர்ந்தவர்கள் வட அட்லாண்டிக் கரையில் மீன்பிடித்த நியூபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா மக்கள். அவர்கள் புதிய முறையை எளிதில் ஏற்கவில்லை. 'மேக் அண்ட் பிரேக்' என்னும் பழைய முறையையே பல்லாண்டு பிடித்துக்கொண்டிருந்தனர். அம்முறையில் சிலிண்டருக்குள்ளேயே இரண்டு உலோக முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். பிரியும் கணத்தில் பொறி தோன்றும். அதற்குக் குறைந்த வோல்ட் மின்சாரமே போதும். குறைந்த மின்சாரம் ஈரத்தின் வழியே எளிதில் ஓடாது. நோவா ஸ்கோஷியாவில் பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரில் 1908-இல் தொடங்கிய அகேடியா தொழிற்சாலை இத்தகைய ஒற்றைச் சிலிண்டர் யந்திரங்களைப் பெருவாரியாகச் செய்தது. நகரத்தார் அவற்றைப் பழங்கருவி என்று இகழ்ந்திருக்கக்கூடும். அலை மேலே விழுந்தாலும் 'டப் டப்' என்று நிற்காமல் அடிக்கும் யந்திரத்தை அம்மீனவர் ஏன் விடுவர்?

பொறியின் வாயில் எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு போர்க்களச் செய்தியைச் சொல்லுதல் தகும். 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஹாலந்து தேசத்தில் ஆர்ன்ஹெம் நகரத்தின் அருகே பிரிட்டிஷ் வான்படையின் முதற் பிரிவு இறங்கியது. ஒன்பது நாட் போருக்குப் பின், எஞ்சிய வீரர்கள் கீழ் ரைன் ஆற்றின் வடகரையில் ஒரு சிறு மூலையில் நெருக்குண்டு கிடந்தனர். அவர்களைத் தென்கரைக்குக் கொண்டுவருதல் 25-ஆம் நாள் இரவு செய்ய வேண்டிய வேலையாயிற்று. பிரிட்டிஷ் பொறியியற் படையினர் துடுப்புப் படகுகளோடும், கனடா நாட்டுப் படையினர் அவுட்போர்டு மோட்டார் பொருத்திய ஒட்டுப்பலகைப் படகுகளோடும் ஆற்றங்கரைக்கு வந்தனர். அன்றிரவு கடும் மழை. காற்றும் உடன் வீசிற்று. அம்மழை அவர்களுக்கு ஒரு கையால் உதவிற்று. இருளையும் இரைச்சலையும் போர்த்திப் பகைவர் கண்ணையும் காதையும் மறைத்தது. மறு கையால் அதுவே மோட்டார்களை நனைத்துப் பலவற்றை நிறுத்தியது. ஆற்று நடுவே மோட்டார் நின்ற படகு நீரோட்டத்தில் மிதந்து, குண்டு விழும் இடத்திற்குப் போய்விடும். அந்த இருளில், தொப்பல் தொப்பலாக நனைந்த விரல்களால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் கயிறிழுத்த கனடா வீரர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பொழுது புலர்ந்து கடப்பது நிற்கும்வரை ஏறத்தாழ 2,400 பேர் கரை சேர்ந்தனர். கரையில் விடப்பட்டவர்களும் உளர். பகைவரின் குண்டோடு ஒரு கம்பியின்மேற் படிந்த ஈரமும் அன்று ஒரு கணக்கை எழுதிற்று.

இந்நாளில் பொறியைத் தரும் கருவிகளைப் பிசின் வார்த்து ஈரம் புகாதபடி மூடிவிடுகின்றனர். ஆயினும் கம்பியும் கம்பியும் சேரும் இடம் ஒன்று இருந்தே தீரும். அவ்விணைப்பைப் பிரித்துப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். விலையுயர்ந்த கருவியை மாற்றிவிட்டுப் பச்சை பூத்த இணைப்பை அப்படியே விட்டவர்களை யாம் அறிவோம்.

பொறியே வேண்டாமென்று ஒதுக்கியவர்களும் உளர். ஸ்வீடன் தேசத்து பொலிண்டர் முதலிய தொழிற்சாலையார் செய்த 'ஹாட் பல்ப்' யந்திரத்தில், சிலிண்டரின் தலையிலுள்ள இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் செந்நிறமாகக் காய்ச்சுவர்; அதன்மேல் எண்ணெய் தெறித்து எரியும். மின்சாரம் என்பதே இல்லை. ஸ்காண்டிநேவிய மீன்படகுகளில் இவை நெடுநாள் கோலோச்சின. ஒரு வியப்பு என்னவெனின், இவற்றிற் சில பளு மிகும்பொழுது குமிழ் அளவு கடந்து காயாதிருக்கச் சிலிண்டருக்குள் வேண்டுமென்றே நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நீர் யந்திரத்துட் செல்வதே குற்றமென்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. ஆவியாகும் சொட்டு நண்பன். தேங்கும் நீர் எமன்.

பின்னர் வந்த டீசல் யந்திரமும் பொறியை வேண்டாதது. ருடால்ப் டீசல் 1897-இல் அதனைச் செவ்வையாக ஓட்டிக் காட்டினார். 1903-இல் அது படகேறிற்று. 1912-இல் டென்மார்க் தேசத்து ஸெலாண்டியா என்னும் பெருங்கப்பல் டீசல் யந்திரத்தோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்றது. பொறியின் வாயில் அடைபட்டது. அடைபட்டவுடனே எண்ணெயின் வாயில் திறந்துகொண்டது. டீசலை மிகுந்த அழுத்தத்தோடு தெளிக்கும் பம்பினுள் உருளும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திற் சில பங்கே. அங்கே எண்ணெய்தான் மசகு. எண்ணெயோடு நீர் கலந்து சென்றால் அத்தண்டு துருப்பிடிக்கும். இஞ்ஜெக்டரின் முனை அரிக்கும். பாதி வெறுமையான தொட்டி இரவிற் குளிர்ந்து உள்ளே வியர்ப்பதும், மேற்றளத்து மூடியின் ரப்பர் வளையம் வெடித்து அலைநீர் கசிவதுமே இந்நீர் வரும் வழிகள். நம் கரையில் மண்ணெண்ணெயால் ஓடும் அவுட்போர்டுகளுக்கும் இதே விதி. கேன் மழையில் நின்றதா என்று பாராமல் தொட்டியில் ஊற்றுவோர், அடியிற் தங்கிய நீரைத்தான் முதலில் யந்திரத்திற்கு ஊட்டுகின்றனர்.

மூன்றாவது வாயில், முன்னர் யாம் குறித்த குளிர்நீர்க் குழாய். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்புண்டு. அந்நீர் 60 பாகை சென்டிகிரேடுக்கு மேற் காய்ந்தால் உப்பும் சுண்ணமும் குழாய்ச் சுவரிற் படியத் தொடங்கும். ஆகவே கடல்நீரையே நேரே ஓட்டும் யந்திரத்தைக் குளிர்ச்சியாகவே ஓட்ட வேண்டும். குளிர்ச்சியாக ஓடும் யந்திரத்திலோ எரிவில் பிறந்த நீராவி வெளியேறாமல் ஆயிலிற் குளிர்ந்து கலக்கும். இத்தொல்லையை நீக்கவே, யந்திரத்தைச் சுற்றி நன்னீர் ஓட, அந்நன்னீரைத் தனிக் கலமொன்றில் கடல்நீர் குளிர்விக்கும் முறையை வகுத்தனர். யந்திரம் கடல்நீரின் வாயிலிருந்து தப்பிற்று. ஆனால் இரு நீர்களையும் பிரித்து நிற்பது ஒரு மெல்லிய செம்புக் குழாயின் சுவரன்றோ?

அச்சுவரைக் காப்பது ஒரு துத்தநாகத் துண்டு. இதன் சரித்திரம் மோட்டாருக்கு மிகவும் முற்பட்டது. இங்கிலாந்தின் போர்க்கப்பல்களின் அடியிற் பொதிந்த செம்புத் தகடு கடலில் அரிப்பதைத் தடுக்க வழி கேட்டபொழுது, ஹம்பிரி டேவி என்னும் பேரறிஞர் 1824-இல் ஒரு உபாயம் கூறினார்: செம்போடு துத்தநாகம் அல்லது இரும்பைத் தொடவைத்தால், கடல் அவ்வெளிய உலோகத்தைத் தின்னும், செம்பைத் தொடாது. சோதித்தார்கள்; செம்பு அரிக்கவில்லை. ஆனால் அரிக்கும் செம்பிலிருந்து கசிந்த நஞ்சே அதுவரை கடற்பூச்சிகளை விரட்டி வந்தது. அரிப்பு நின்றவுடன் பாசியும் கொட்டலசும் அடிமரம் முழுவதும் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. சில ஆண்டுகளிலேயே அரசாங்கத்தார் அவ்வேற்பாட்டைக் கைவிட்டனர். ஒரு வாயிலை அடைத்து மறு வாயிலைத் திறந்த கதைகளுள் இதுவே எமக்கு மிகவும் பிடித்தது. டேவியின் கொள்கையில் தவறில்லை. யந்திரத்தினுள் அத்துண்டு இன்றும் அவர் சொன்னபடியே தன்னைத் தின்னக் கொடுத்துச் செம்பைக் காக்கின்றது. அது தின்னப்பட்டு முடிந்த நாளை நாம் அறியாவிட்டால், மறுநாள் முதல் கடல் தின்பது குழாயை.

நான்காவது வாயில் புகைக்குழாய். உல்லாசப் படகுகளிலும் சிறு லாஞ்சுகளிலும் தளத்தின் கீழே கனன்று செல்லும் புகைக்குழாய் மரத்தைக் கொளுத்திவிடாதபடி, யந்திரத்தைக் குளிர்வித்து வெளிவரும் கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியேற்றுவர். ஓசை தணியும், வெப்பம் தணியும். யந்திரம் ஓடும்வரையில் புகையின் வேகம் நீரைத் தள்ளிக்கொண்டு போகும். யந்திரம் ஓடாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழலும்பொழுது என்ன நேரும்? பம்பு சுழல்கின்றது, நீர் வருகின்றது, தள்ளுவதற்குப் புகை இல்லை. பாட்டரி சோர்ந்தோ எண்ணெய் அடைத்தோ கிளம்ப மறுக்கும் யந்திரத்தை ஒருவன் திரும்பத் திரும்பச் சுழற்றுகின்றான். ஒவ்வொரு சுழற்சியும் புகைக்குழாயில் நீரை ஏற்றுகின்றது. நிறைந்த நீர் திறந்திருக்கும் வால்வு வழியே பின்னோக்கிச் சிலிண்டரில் இறங்குகின்றது. அவன் நோயைத் தேடுகின்றேன் என்று எண்ணிக்கொண்டு நோயை உண்டாக்குகின்றான். நெடுநேரம் சுழற்ற நேர்ந்தால் கடல்நீர்க் குழாயின் வால்வை முதலில் மூடி, யந்திரம் பற்றிக்கொண்டவுடன் திறக்க வேண்டுமென்பது இதுபற்றியே.

சிலிண்டரில் எவ்வளவு நீர் இறங்கினால் அபாயம்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சிலிண்டர் 500 கன சென்டிமீட்டர் கொள்வது. காற்றை 18-இல் ஒரு பங்காக அழுத்தும் டீசல் யந்திரம் என்று கொள்க. பிஸ்டன் உச்சிக்கு வந்தபொழுது எஞ்சும் இடம் 30 கன சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் வீட்டுக் குழந்தைக்கு மருந்து ஊற்றும் சிறு கோப்பை அளவு. காற்று அழுத்தத்திற்கு இணங்கும்; நீர் இணங்காது. அக்கோப்பைக்கு மேல் ஒரு துளி மிகுந்தாலும் பிஸ்டன் உச்சிக்கு வர இடமில்லை. கையாற் சுழற்றினால் வெறுமனே நின்றுவிடும். ஸ்டார்ட்டரால் முரட்டுத்தனமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடு யந்திரம் சில வாரம் ஓடினும் ஓடும். பின்னர் ஒருநாள் நடுக்கடலில் முறியும். 'ஸ்டார்ட்டர் கெட்டது' என்று புதிய ஸ்டார்ட்டர் வாங்கிப் போட்டு யந்திரத்தை முற்றும் முடித்தவர்கள் இவ்வழியினரே.

ஆகவே நின்றுபோன யந்திரத்தின் முன் முதற்கண் செய்யத்தக்கது, எதனையும் சுழற்றாதிருத்தல். பிளக்குகளை, டீசலாயின் இஞ்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் மெல்லச் சுற்றுக. நீர் பீறிட்டால் எந்தச் சிலிண்டரிலிருந்து வருகின்றது என்று குறித்துக்கொள்க. எல்லாவற்றிலிருந்தும் வந்தால் புகைக்குழாய் வழியே வந்ததாகவோ முழுகியதாகவோ இருத்தல் கூடும். ஒன்றிலிருந்தோ, அடுத்தடுத்த இரண்டிலிருந்தோ வந்தால் அவற்றின் தலையிலுள்ள காஸ்கெட்டின்மேல் ஐயம் கொள்க. வந்த நீரை விரல் நுனியில் தொட்டு நாவிற் படவிட்டு உடனே உமிழ்ந்து பார்க்கும் பழைய மெக்கானிக்குகளைச் சிலர் நகைப்பர். நன்னீர் ஓடும் யந்திரத்தில் அந்நீர் உப்புக் கரித்தால் அது கடலிலிருந்து வந்தது. கரியாவிடின் யந்திரத்தின் சொந்த நீர். நகைப்பவர்க்கு இத்துணை விரைவிற் கூறும் கருவி வேறு உண்டோ? நன்னீரில் நிறம் கலந்த மருந்து சேர்த்திருந்தால் அது நஞ்சாதலின் நாவுக்கு வேலையில்லை, நிறமே சொல்லிவிடும்.

ஆயிலைப் பார்க்க வேண்டிய முறையும் ஒன்றுண்டு. ஓடி நின்ற யந்திரத்தில் நீர் கலந்த ஆயில் காப்பியில் பால் விட்டாற்போல் வெளுத்திருக்கும். அதனை எவரும் காண்பர். ஓடாமற் கிடந்த யந்திரத்திலோ அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஆயில் தெளிவாகவே தோன்றி ஏமாற்றும். நீர் அடியிற் தங்கிவிடும். ஓரிரவு அசையாது வைத்து, மறுநாட் காலையில் அடித்திருகைச் சிறிது மட்டும் தளர்த்தினால், முதலில் வருவது நீரா ஆயிலா என்று தெரிந்துவிடும். அளவுகோலில் ஆயில் முன்னைவிட ஏறியிருந்தாலும் மகிழ வேண்டா. யந்திரம் ஆயில் பெறுவதில்லை. நீரோ டீசலோதான் பெற்றிருக்கும். அவுட்போர்டின் கீழ்ப்பெட்டியில் கியர் ஆயில் வெளுத்திருந்தால், புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே நைலான் நரம்பு சுற்றிக்கொண்டு ரப்பர் ஸீலை அறுத்திருக்கும். நம் வலையின் நரம்பே நம் கியரை அறுக்கின்றது.

இவையெல்லாம் நம் கரைக்கு வந்தது அண்மையிலேதான். 1952-ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் மீன்படகுகளுக்கு யந்திரம் பொருத்தும் முயற்சி தொடங்கிற்று. முதலில் நாட்டு வள்ளங்களிலேயே பொருத்திப் பார்த்தனர்; செவ்வையாக அமையாமையால் 22, 25 அடிப் படகுகளைப் புதிதாகக் கட்டினர். தமிழ்க் கரையிலும் அப்பத்தாண்டு முதல் விசைப்படகுகள் பெருகின. சிறு வள்ளங்களுக்கும் கட்டுமரங்களுக்கும் அவுட்போர்டு பரவியது 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில். துறைமுகமில்லாத மணற்கரையில், அலையை வெட்டிக்கொண்டு ஏறி இறங்க வேண்டிய படகில் மோட்டார் தொங்கியது. அலை படகைப் புரட்டும்பொழுது மோட்டாரும் முழுகியது. இவ்வகை மூழ்கலை ஏரியில் ஓட்ட மோட்டார் செய்தவர்கள் கனவிலும் கண்டிரார்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபொழுது, நாகப்பட்டினம் முதலிய கரைகளிலும் இலங்கையின் கரைகளிலும் எண்ணற்ற யந்திரங்கள் ஒரே காலையில் உப்புநீரும் சேறும் குடித்தன. அன்று மனிதரைத் தேடுவதன்றி யந்திரத்தை நினைப்பார் யார்? நினைத்தலும் தகாது. பின்னர் பழுது பார்க்கும் முகாம்கள் அமைந்து அவற்றைத் திறந்தபொழுது, நாட்கள் கடந்திருந்தன. உப்புநீர் உள்ளே இருக்கும்வரை செய்யும் தீங்கைவிட, நீர் வடிந்து காற்றுப் பட்டபின் அதன் உப்பு செய்யும் தீங்கு பெரிது. பேரிங்குகளின் உருளைகளில் துரு ஏற ஓரிரு நாள் போதும்.

இதனை யாம் நூலில் கற்றதைவிடக் கண்ணாற் கண்டு கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் மைத்துனரின் வள்ளமும் அவர் பங்காளியின் வள்ளமும் ஒரே காலையில் கரையலையிற் புரண்டன. மைத்துனர் தம் மோட்டாரைக் கரைக்கு இழுத்து, வெளியே நன்றாகத் துடைத்து, வெயிலிற் காயவைத்தார். ஞாயிறு கழிந்து பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். பங்காளி தம் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரிலிருந்த வயதான மெக்கானிக்கிடம் போனார். உடன் சென்றிருந்தோம். பெரியவர் மோட்டாரைப் பார்க்கவில்லை. பங்காளியின் முகத்தைத்தான் பார்த்தார்.

"முங்கி எத்தனை நாழியாச்சு தம்பி?"

"ஒரு மணி நேரம் இருக்கும் பெரியவரே."

"முங்கையிலே ஓடிக்கிட்டிருந்திச்சா, நின்னுருந்திச்சா?"

"அமத்திட்டுத்தான் கரை ஏறினோம்."

"அப்போ ராடு பிழைச்சுது. கயித்தை இழுத்தியா?"

"இல்லை."

"நல்ல காரியம் செஞ்சே."

அவர் கையில் அப்பொழுது வேறு வேலை இருந்தது. ஆகவே எம்மைத் திகைக்க வைத்த ஒன்றைச் செய்தார். ஒரு பீப்பாயில் நன்னீர் நிரப்பச் சொல்லி, மோட்டாரை முழுவதும் அதனுள் அமிழ்த்திவிட்டார். "காத்துப் படாமே கிடக்கட்டும், மதியம் கழட்டுவோம்" என்றார். மதியம் எடுத்துப் பிளக்குகளைக் கழற்றி, தலைகீழாகச் சாய்த்து வடியவிட்டு, கார்புரேட்டரைப் பிரித்து மணலைக் கழுவி, சிலிண்டர்களில் ஆயில் ஊற்றிக் கையாற் சுற்றினார். மாலையில் அது பெட்ரோலில் கிளம்பி, ஒரு மணி நேரம் விடாமல் ஓடிற்று. அவ்வாறு ஓடி உள்ளீரம் உலர்ந்தாலன்றி வேலை முடியாது என்று அவர் அருகிலேயே அமர்ந்திருந்தார்.

திங்கட்கிழமை மைத்துனரின் மோட்டாரும் அவரிடம் வந்தது. கயிறு இழுபடவில்லை. தலையைக் கழற்றியபொழுது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. கீழே கிராங்க் பேரிங்குகள் செம்மண் நிறமாயிருந்தன. "அத்தான், வெயில்லே காயவெச்சது தப்பா?" என்று மைத்துனர் எம்மைக் கேட்டார், பெரியவரைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. பங்காளியின் மோட்டார் அதன்பின் ஆறு ஆண்டு ஓடிற்று. மைத்துனரின் மோட்டார் பழைய இரும்புக்குப் போயிற்று. அதற்கு வாங்கிய கடனில் பதினான்கு தவணை அப்பொழுது பாக்கியிருந்தது.